கண்ணால் கண்ட செல்லசாமி

"இப்பிடி ஒரு சாட்சியை நம்பியே உம்மை மறியலுக்கு அனுப்பினவங்கள்?"

கொழும்பு அட்வகேட் சபாநாதன் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எதிரே நின்ற பொன்னையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பீல் முடியும்வரைதான் அவருக்குப் பிணை. தோற்றால் சிறையில் ஆறு மாதம் கடூழியம். அதோடு தோட்டத்தில் பேரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மனைவி வீரம்மாவும் பிள்ளைகளும் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவைக் காலி செய்துவிட்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பொன்னையா சங்கத் தலைவர். ஸ்ட்ரைக் தொடங்கியதும் பெரிய துரை அரிசி கொடுப்பதை நிறுத்தினார். வயிறு காய்ந்தால் தானாகவே காலைப் பெரட்டுக்கு வந்து வேலைக்கு வரிசையில் நிற்பார்கள் என்பது அவருடைய எண்ணம். யாரும் வரவில்லை. அரிசிக் காம்பராவில் ஒரு மூட்டைதான் காணாமல் போனது.

எடுத்தது யார் என்று துரை யாரையும் விசாரிக்கவில்லை. பொன்னையாதான் என்று அவரே தீர்மானித்துவிட்டார். அதைப் பார்த்த ஒருவர் மட்டும் தேவைப்பட்டார்.

அரிசிக் காம்பராவின் காவல்காரர் செல்லசாமியை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாதவராக இருந்த செல்லசாமி, வெளியே வரும்போது கண்ணால் கண்ட சாட்சியாகியிருந்தார்.

அந்தச் சாட்சியத்தைத்தான் சபாநாதன் இப்போது மறுபடியும் உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூட்டையைத் தூக்கிப் போனது பொன்னையா என்று எப்படித் தெரியும்?"

"மொகத்தப் பாத்தேங்க."

"வெளிச்சம் இருந்ததா?"

"எங்கங்க? ஒரே பனி. என் கையே எனக்குத் தெரியலைங்க."

"பிறகு முகம் எப்படித் தெரிந்தது?"

"இருமுனாருங்க. அது பொன்னையா இருமல்தாங்க."

"எவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டீர்?"

"நான் எங்கங்க நின்னேன்? வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேங்க."

அன்று கோர்ட்டிலும் எல்லாரும் சிரித்தார்கள். கீழ்க் கோர்ட் நீதவான் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த துரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். மதிப்புள்ள ஒரு தோட்டத்துரை வீணாக ஒருவன்மேல் வழக்குப் போட மாட்டார் என்று சொல்லி, தண்டனையை வாசித்துவிட்டார்.

அன்றிலிருந்து லயத்தில் யாரும் செல்லசாமியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அவர் மனைவி பேச்சியம்மாவின் வாளியைப் பெண்கள் காலால் தள்ளிவிட்டார்கள்.

"ஒம் புருசன் கண்ணுலதான் எல்லாம் தெரியுமே, தண்ணி எங்க இருக்குன்னு அவரையே பாக்கச் சொல்லு!"

சவரம் செய்பவர்கூட, கத்தி மழுங்கிவிட்டதென்று சொல்லி அவரைத் திருப்பியனுப்பினார். தாடி வளர்ந்தது. துரைக்கு மட்டும் அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. தன் பழைய கோட்டு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு செல்லசாமி தோட்டத்து ரோட்டில் நடந்தபோது, ஏசாதிருந்தவர்களும் ஏசத் தொடங்கினார்கள்.

அப்பீல் கொழும்பில் நடந்தது. சபாநாதன் பெரிதாக வாதாடவில்லை. செல்லசாமி சொன்னதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார், அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்த இடம் வந்ததும் நீதியரசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இந்த மனிதர் கண்டது பொன்னையாவையா, கனவையா?"

இப்படிப்பட்ட சாட்சியத்தின் மேல் ஒரு கோழித் திருடனைக்கூடத் தண்டிக்க முடியாது என்று கூறி, நீதியரசர் பொன்னையாவை விடுதலை செய்தார்.

தலவாக்கலையில் சங்கம் கூட்டம் போட்டு அட்வகேட்டுக்கு மாலை போட்டது. கூட்டம் முடிந்து அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குத் தோட்டமே திரண்டு வந்திருந்தது. ரயில் ஏறப்போன சபாநாதன், தாடியும் கோட்டுமாகத் தூண் ஓரம் ஒதுங்கி நின்ற மனிதரைக் கவனித்தார்.

"உவர்தானே அந்தச் சாட்சி?"

யாரோ ஆமாம் என்றார்கள். சபாநாதன் நேராக அவரிடம் போனார்.

"பொய் சொல்லுறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும் காணும். உமக்கு அது இல்லாததாலைதான் இந்த மனுசன் தப்பினவர்."

கூட்டம் கைதட்டியது. செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க ஐயா. எனக்கு அவ்வளவுதாங்க வரும்."

ரயில் புறப்பட்டது. கொடியும் கோஷமுமாகக் கூட்டம் ரோட்டுக்கு இறங்கியது. பொன்னையா மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலப் பின்தங்கினார். அக்கம்பக்கம் யாருமில்லை என்று தெரிந்ததும் வந்து செல்லசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னால தாங்க முடியலண்ணே. நான் பங்கு வச்ச அரிசியில கஞ்சி குடிச்ச சனமே ஒங்கள ஏசுது. அந்த மூட்டைய என் தோள்ல ஏத்திவிட்டதே நீங்கதான்னு இன்னைக்கு லயத்துல சொல்லிப்புடுறேன்."

செல்லசாமி கைகளை உருவிக்கொண்டு, துரையின் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"வாய மூடிக்கிட்டு இரு தம்பி, அடுத்த ஸ்ட்ரைக்குலயும் தொர என்னைய நம்பித்தான் அரிசிக் காம்பராவுக்குக் காவல் போடணும்."