ஆறிய ஈறு

சாவியைப் பூட்டில் நுழைக்கும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கணவன் முன்னால் போய் நிற்க வேண்டும். வாயைத் திறந்து சிரிக்க வேண்டும். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

பல் டாக்டர் இன்று அந்த மெல்லிய கம்பியை ஈறு ஈறாக விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "இனிமே யார்கிட்ட வேணா பக்கத்துல நின்னு பேசலாம்மா" என்றார். கையில் கொடுத்த கண்ணாடியில் பார்த்தாள். இளஞ்சிவப்பாக, கெட்டியாக, யாருடைய வாயோ போலிருந்தது.

கதவு திறந்ததும் கருகல் வாடை முகத்தில் அறைந்தது.

அடுப்பில் பால். அடிபிடித்து, பொங்கி வழிந்து, பாத்திரத்தின் ஓரமெல்லாம் கரியாகிக்கொண்டிருந்தது. புகை ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்து கணவன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். பாலை வைத்ததையே மறந்திருந்தான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"வந்துட்டியா? என்னவாம் டாக்டருக்கு?" தலையைத் தூக்காமல் கேட்டான்.

அவள் தயாராக வைத்திருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

போன வருடம் ஒருநாள், தலையணையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னறைக்குப் போனான். "உன் வாய் நாறுதுடி. மனுஷன் பக்கத்துல படுக்க முடியல" என்றான்.

இல்லையென்று சொல்ல அவளுக்கு வாயில்லை. பல் தேய்த்துத் துப்பும்போது தண்ணீரோடு சிவப்பாக ஓடுவதை அவளும் பார்த்தாள், அவனும் பார்த்திருந்தான்.

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டாள். தையல் கடையில் அளவெடுக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். ஊசியைக் கவ்வியிருப்பவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. கழுத்தளவு எடுக்கையில் மூச்சையும் அடக்கிக்கொள்வாள். கடையில் உம்மணாமூஞ்சி என்று பெயர் வந்தது. வரக்கூடிய மற்ற பெயருக்கு அது தேவலை.

சுரண்டிச் சுத்தம் செய்வது என் வேலை, அது ஆறுவதற்குச் சாப்பிட வேண்டியது உன் வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை அவள் சாப்பாடு என்பது நின்றபடி குடிக்கிற, சர்க்கரை தூக்கலான டீ. அதில் முக்கிய பிஸ்கட். அப்புறம், சட்டியில் மிஞ்சியது.

டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். தனக்கென்று கீரை ஆய்ந்தாள். தனக்கென்று ஒரு முட்டையை வேகவைத்து உரித்தபோது, யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

முதல் கொய்யாவைக் கடித்த அன்று, பழத்தின் வெள்ளையில் அவள் பல்வரிசை சிவப்பாகப் பதிந்தது. ஆடிய பல்லைத் தொடாமல், ஒரே பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி, கண்ணில் நீர் முட்ட மென்றாள். மறுநாளும் மென்றாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனில், "தின்னு தின்னு கிளியாவே ஆயிடப் போறம்மா, மூக்கு சிவக்குதான்னு பாத்துக்கோ" என்று சிரித்தாள்.

பற்களைக் காப்பாற்றிக்கொள்ள இவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று டாக்டர் நினைத்திருப்பார். பல் போனால் போகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. அவள் மென்றதெல்லாம் ஒரு தலையணை திரும்பி வருவதற்காக.

கருகல் நெடியில் நெஞ்சு கமறியது. அடுப்பை அணைக்க நீண்ட கை, அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்ததும் தயங்கியது.

தலையணையைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சில மாதங்கள் முன்பு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இறங்கும்போது அது அவன் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. சோப்பும் பெட்ரோலும்கூட அவனுக்கு ஒன்றுதான். தயிர் கெட்டுவிட்டதா, சட்டை இன்னும் ஒருநாள் தாங்குமா, எல்லாவற்றையும் அவள்தான் முகர்ந்து சொன்னாள். "நான்தானே உங்க மூக்கு" என்று கேலி செய்வாள். அவனும் சிரிப்பான்.

வாய் நாறுகிறது என்று அவன் சொன்ன அன்று, அவள் கூனிக்குறுகிப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலும் மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அப்பாடா, மனுஷனுக்கு மூக்கு திரும்பிவிட்டது என்று.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அடுப்பை அணைக்கவில்லை. அவனுக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் கொட்டாவி விட்டான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். நிதானமாக விட்டான்.

படிக்கட்டிலிருந்து எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "அக்கா, என்னக்கா இப்படி நாறுது? உங்க வீட்டுலேர்ந்தா வருது?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பனியனை இழுத்து மூக்கை மூடிக்கொண்டான். நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல், நேராக அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"பாத்தியா? நான் சொன்னா மட்டும் அழுவ. இப்ப ஊரே சொல்லுது."