நிறமில்லாத நாலு ஒயர்கள்

வாடகைக் கார் ஓட்டும் பிலோமினாவின் பழைய வண்டியை மூன்று பட்டறைகள் திருப்பி அனுப்பிவிட்டன. புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குப் போகும் நாலு ஒயர்களும் சைலன்சர் சூட்டில் வெந்து அறுந்து, ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. எது எதுவென்று தெரியாமல் யாரும் தொடத் தயாராக இல்லை. மறுநாள் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கான புகைச் சோதனையில் தேறாவிட்டால் வண்டி ரோட்டில் ஓடாது. நான்காவதாகப் பார்த்த எலக்ட்ரீசியன் தணிகாசலம் வண்டிக்கடியில் படுத்து, மீட்டரால் ஒவ்வொரு ஒயரையும் சோதித்து நிதானமாகப் பற்றவைத்தார். "நிறமே தெரியலையே, பயமா இல்லையாண்ணே?" என்று குனிந்து கேட்டாள். "எனக்கு எந்த வண்டியிலயும் தெரியாதும்மா. பொறந்ததுலேருந்தே சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். அதனால எதையும் சோதிக்காம தொடமாட்டேன்" என்றார். வண்டியின் கணினியில் பதிவாகியிருந்த பழைய பிழையை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டாஷ்போர்டில் மாதக்கணக்கில் எரிந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணைந்தே இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற புதுக் காரின் பானெட்டைத் திறந்தார். உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒயர்கள் கற்றை கற்றையாக வெயிலில் பளபளத்தன. அவர் மீட்டரோடு அதற்குள் குனிந்தார். பிலோமினா கிளம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.