வந்து நின்ற தோட்டம்

"அண்ணே, அந்தத் தோட்டம் உங்களுதா?"

படகின் நுனியில் ஒற்றைக் காலில் நின்று கேட்டான் நியோ மவுங். மற்றக் கால் துடுப்பை வளைத்துப் பிடித்திருந்தது.

படகு கட்டும் போ ஸா, உளியை நிறுத்தாமலே கேட்டார். "எந்தத் தோட்டம்டா?"

"விடிஞ்சு பார்த்தா என் வீட்டுக்குப் பின்னாடி மிதக்குதே, அது. முப்பது முழம். தக்காளி கொத்துக் கொத்தா தொங்குது."

"போன வாரக் காத்துல ஓடிப்போச்சே உன் மிதவைத் தோட்டம், அதுதான் கோவம் தணிஞ்சு வீடு திரும்பியிருக்கும்."

"என்னுது சிதறிப்போனதைக் கண்ணால பார்த்தேன். அதோட, என் தோட்டம் என்னைக்குண்ணே இப்படிக் காய்ச்சுது?"

போ ஸாவின் உளி நின்றது. "அப்ப வேற எங்கேயிருந்தோ காத்து தள்ளிட்டு வந்திருக்கும்."

"காத்து தள்ளும், சரி. மூங்கில் கழி நட்டு, முடிச்சும் போட்டுட்டா போகும்?"

"இன்லே ஏரிக் காத்துடா. வேலை தெரிஞ்ச காத்து" என்று உளியைத் தட்டத் தொடங்கினார் அவர்.

அடுத்த வீட்டில் மா ஏ ஷின் தாமரைத் தண்டை ஒடித்து நூல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுது இல்ல தம்பி. எங்க தோட்டம் எங்கேயும் போகாது, எங்க வீட்டுக்காரர் மாதிரி சோம்பேறி. பழுத்தா நாலு பழம் குடு."

பதினேழு வீட்டுப் படிகளிலும் படகை நிறுத்திக் கேட்டான். பதினேழு வீட்டிலும் "எங்களுது இல்ல" என்ற ஒரே பதில்.

வீடு திரும்பியவனை மனைவி தின் ஓன் ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரே இல்லேங்குது. பறிச்சு வித்தா என்ன? அரிசி ரெண்டு நாளைக்குத்தான் வரும். தோட்டம் போச்சேன்னு ஊரார் கொண்டுவந்த மூட்டையையும் 'எனக்குக் கை கால் இருக்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

"நாளைக்குத் திருவிழாப் படகுல புத்தர் நம்ம ஊருக்கு வர்றாருடி! பின்னாடி அடுத்தவன் தோட்டத்தைக் கட்டி வச்சிக்கிட்டு, 'கொடுக்காததை எடுக்க மாட்டேன்'னு அவர் முன்னாடி எந்த வாயால சொல்லுவேன்?"

"பட்டினி கிடந்து சொல்லுங்க. குரல் இன்னும் பக்தியா வரும்."

பூசை முடிவதற்குள் யாரும் உரிமை கோராவிட்டால், கழியைப் பிடுங்கித் தோட்டத்தை ஏரியோடு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். தக்காளியைப் பார்க்கும்போது மட்டும் அந்த முடிவு கொஞ்சம் ஆடியது.

காலையில், பறவை வடிவத் தங்கப் படகு வந்தது. நீண்ட படகுகள் வரிசையாக அதை இழுத்து வர, நூற்றுக்கணக்கான கால்கள் ஒன்றாய் எழுந்து ஒன்றாய் விழுந்தன. தலைமுறை தலைமுறையாகத் தங்க ரேக்கு ஒட்டி ஒட்டி, முகமே தெரியாமல் உருண்டு திரண்டுவிட்ட புத்தர்கள் நால்வரும் மடத்தில் இறங்கினார்கள். முகம் இல்லாவிட்டால் என்ன, அவர்கள் தன்னையே பார்ப்பதுபோல நியோ மவுங்குக்கு வியர்த்தது.

பிக்கு கண்களை மூடிக்கொண்டு ஐந்து சீல உறுதிமொழிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஊரே திருப்பிச் சொன்னது.

"உயிர்களைக் கொல்ல மாட்டேன்." கூடம் அதிர்ந்தது.

"கொடுக்காததை எடுக்க மாட்டேன்." எல்லோரும் கணீரென்று சொன்னார்கள். நியோ மவுங் மட்டும் குரல் எழுப்பாமல் உதடுகளை அசைத்துச் சமாளித்தான்.

மூன்றாவதும் முடிந்தது. நான்காவதைப் பிக்கு சொன்னதும், இதையாவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம் என்று, விட்டதற்கும் சேர்த்து உரக்கச் சொன்னான் நியோ மவுங்: "பொய் சொல்ல மாட்டேன்!"

கூடத்தில் அவன் குரல் ஒன்றுதான் ஒலித்தது.

திடுக்கிட்டுத் திரும்பினான். போ ஸா தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மா ஏ ஷினுக்கு இருமல். "எங்களுது இல்ல" என்று சொன்ன பதினேழு வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பிக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து ஊரைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டு, அவசரமாக ஐந்தாவதற்குப் போய்விட்டார்.