உயரம் கூடுதல்

அந்தி வெயில் காக்பிட் கண்ணாடியில் மஞ்சளாக வழிகிறது. தக்கலையில் தான் கட்டியிருக்கும் புது வீட்டை மேலிருந்தே ரெஜிலாவுக்குக் காட்டும் ஆசையில், விமானத்தை இறக்கத் தொடங்கக் கேப்டன் எபிசன் பிந்திவிட்டான். இப்போது திருவனந்தபுரம் ஓடுபாதை வெகு கீழே கிடக்கிறது. துணை விமானி ரெஜிலா களியக்காவிளைக்காரி. போன வாரம் கொட்டுமழையில் அவள் பூப்போல இறக்கியதை எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு அவன் காதில் குளவியாகச் சுற்றுகிறது. "ஹைட் கொஞ்சம் கூடுதலா இருக்குல்லா அண்ணே," என்கிறாள். "எனக்குத் தெரியும் மக்கா. எறக்கிருவேன்." சக்கரங்கள் இரைச்சலோடு விரிகின்றன; வேகமோ குறைய மறுக்கிறது. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் பாய்ந்து வருகின்றன. அவள் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு, அண்ணே என்ற சொல் இல்லாமல், "கோ அரவுண்ட்" என்கிறாள். இறங்காதே, மேலே ஏறு என்று பொருள். துணை விமானி சொன்னாலும் கேப்டன் மறுக்கக் கூடாத சொல். அவன் கை என்ஜின் விசை லிவரை முன்னே தள்ளுகிறது. விமானத்தின் மூக்கு நிமிர, தென்னந்தோப்புகளும் கடலும் கீழே சரிகின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரம் காரணம் கேட்கிறது. இருவருமே கணிக்கத் தவறிவிட்டோம் என்று நிதானமாகப் பதில் சொல்கிறாள் ரெஜிலா. பழியில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறாள். அதையும் அவனைவிட நன்றாகவே செய்கிறாள்.