மெத்துன்னு ஒரு துண்டு

"வீடே குளுகுளுன்னு இருக்கு, அத்தை! உங்க ரூம் மட்டும் எப்படி..."

"அடுப்பா கொதிக்குதுடி! உன் பேச்சைக் கேட்டு என் பிள்ளை கூரைக்கடியில சூடு இறங்காம ஃபோம் வெச்சான் பார், அவனைச் சொல்லணும்!"

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே தூங்கினீங்க?"

"கூப்பிடு அந்த மேஸ்திரியை! மொத்தத்தையும் பிரிச்சு எடுத்துட்டுப் போகட்டும்!"

மேஸ்திரி ஏணியோடு ஓடி வந்தார். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. நியாயம் கேட்கிறவள் நின்றுகொண்டா கேட்பாள்? அதுவும் இந்த ஒரு வாரமாகத்தான் என் இடுப்புக்கு அந்த நாற்காலி இதமாக இருக்கிறது.

அவர் என் கட்டிலுக்கு மேலிருந்த பரண் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"மத்த இடமெல்லாம் கச்சிதமா இருக்கும்மா. இந்தக் கதவு மேல வெச்ச ஃபோமை மட்டும் காணோம். நீல நிறத்துல, மெத்துன்னு இருக்கும். ஒரு துண்டு இல்லேன்னாலும் சூடு அந்த வழியா இறங்கிடும்."

போன வாரம் பழைய பெட்டியைப் பரணில் திணிக்கக் கதவைத் திறந்தபோது என் தலையில் விழுந்தது அதுதானா? ஏதோ பார்சலில் வந்த குப்பை என்றல்லவா நினைத்தேன்! முந்தானையை இழுத்து நாற்காலியை மூடினேன்.

"அத்தை," என்றாள் மருமகள், ரொம்ப மரியாதையாக. "கொஞ்சம் எழுந்திருங்களேன்."