லாக்கப் காட்சி

போய்ச் சேர்ந்தபிறகு வேஷம் கட்ட நேரம் இருக்காது என்று, போலீஸ் உடுப்பை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு பஸ் ஏறியது என் சொந்த புத்தி.

வடக்கனந்தலில் எங்கள் குழுவின் வீதி நாடகம்.

முன் சீட்டில் மடியில் மூட்டையோடு இருந்த மலைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் நாடகக்காரன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜன்னலோர சீட்டு; உட்கார்ந்துகொண்டேன்.

"வழியில மறியல் இருக்குங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா ஏட்டய்யா" என்று சிரித்தார்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். மூன்றாவது கிலோமீட்டரில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. கோடாலியோடு வந்தவர்கள் முதலில் பார்த்தது என் தொப்பியை.

இழுத்து இறக்கினார்கள்.

"இன்னாய்யா, தனியா வந்துகினு இருக்க? நேத்து ஜீப்புல ஏத்திகினு போன எங்க பசங்க எங்க?"

"அண்ணே, நான் நாடகத்துல நடிக்கிறவன்ணே." என் குரலை நானே நம்பவில்லை. மீசையைப் பிய்த்துக் காட்டலாம் என்றால், என் நேரம், அது சொந்த மீசை.

வீரமுத்து என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஆள் மரத்தின்மேல் உட்கார்ந்தார். கோடாலி மடியில் இருந்தது.

"அப்ப நடிச்சுக் காட்டு. நம்புற மாதிரி இல்லன்னு வெய்யி, நீ போலீசுதான்."

எனக்குத் தெரிந்தது ஒரே காட்சி. லாக்கப் காட்சி. அதில் அடி வாங்குகிற செல்லமுத்து வடக்கனந்தலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து கடைசியாக ஒருவர் இறங்கினார். லத்தியை அவர் பக்கம் நீட்டித் தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய்! இங்க வாடா!"

வந்தார். முன் சீட்டுக்காரர்.

மூட்டையை ஓரமாக வைத்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, மூட்டைமேல் போட்டார். என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடரியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

லத்தியை ஓங்கினேன். கீழே வருமுன்பே அவர் முதுகு சுருங்கியது.

மூன்று மாத ஒத்திகையில் செல்லமுத்துவுக்கு வராத பயம். அவன் லத்தியைப் பார்த்தாலே சிரித்துவிடுவான்.

எனக்கு வசனம் மறந்துபோனது. யாரும் கவனிக்கவில்லை. யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

வீரமுத்து மட்டும் தட்டவில்லை. கோடாலியைக் கீழே வைத்தார். "போதும்யா. நம்புறேன். போ."

உயிர் திரும்பிய சந்தோஷத்தில் நானும் முன் சீட்டுக்காரர் பக்கத்தில் குந்தினேன்.

"அண்ணே, பின்னிட்டீங்க! எந்த குழு நீங்க? எங்க கத்துக்கினீங்க?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பிடரியிலிருந்து கைகளையும் எடுக்கவில்லை.

"குழு கிழு எல்லாம் தெரியாதுங்க. நீங்க கூப்டீங்க, வந்தேன். அடிக்கிறதுன்னா சீக்கிரம் அடிச்சிடுங்க. பொழுதோட மலை ஏறணும்."