அரக்கு முத்திரை

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்? நாளைக்கு வழக்கு. இண்டைக்கு வந்து வேண்டாமெண்டுறியள்!"

கோட்டிலை வழக்குப் பேசுற பிறக்கிராசி மார்க்கண்டர் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிட்டார். முன்னாலை பஞ்சாங்கம் கணிக்கிற தம்பிஐயா, சால்வையை மடியிலை வைச்சுக்கொண்டு, குனிஞ்ச தலை நிமிராமல் இருந்தார்.

"விட்டிடுவம் பிறக்கிராசியார்."

"எப்பிடி விடுறது? நீங்கள் எட்டு மாசம் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கணிக்கிறியள். நமசிவாயம் அதை அப்பிடியே கொப்பி அடிச்சு, தன்ரை பேரைப் போட்டு அரைவிலைக்கு விக்கிறான். இப்ப விட்டா வாற சித்திரைக்கு உங்கடை பஞ்சாங்கத்தை ஆர் வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்காயினம்."

"தெரிஞ்சுகொண்டோ சொல்லுறியள்!"

மார்க்கண்டருக்கு இருக்கேலாமல் போச்சு. அலுமாரியைத் திறந்து, சிவப்பு அரக்கு முத்திரை வைச்ச உறை ஒண்டை எடுத்து மேசையிலை போட்டார்.

"இது ஆற்றை மூளை? உங்கடை மூளை! சூரியனும் சந்திரனும் எல்லாருக்கும் பொது, சரியாக் கணிச்சா எல்லாருக்கும் ஒண்டாத்தான் வரும், களவெண்டு எப்பிடிக் காட்டுவியள் எண்டு நான் கேட்டன். நீங்கள் என்ன சொன்னியள்?"

தம்பிஐயா உறையிலை இருந்த அரக்கை விரலாலை தடவினார்.

"வேணுமெண்டே உள்ளுக்கை ஒரு பொய் வைக்கிறன், அதே பொய் அவன்ரையிலையும் வந்தா அவன் கள்ளன் எண்டியள். அதை எழுதி, முத்திரை வைச்சு, அச்சடிக்க முந்தியே என்னட்டைத் தந்தியள். அவன்ரையிலை வந்திருக்கோ இல்லையோ?"

"அப்பிடியே வந்திருக்கு."

"பிறகென்ன! நாளைக்குக் கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை உடைச்சா அவன் முடிஞ்சான். அதுசரி, என்னத்தை மாத்தினனியள்? மாசிக் கிரகணத்தையோ?"

தம்பிஐயா மெல்ல அந்த உறையைத் தன்ரை பக்கம் இழுத்தார்.

அப்பத்தான் மார்க்கண்டற்றை பெண்சாதி மகாதேவி தேத்தண்ணியோடை வந்தா.

"குடியுங்கோ அண்ணை. நேற்றும் நான் மகளின்ரை கலியாணப் புதினம் சொல்லச் சொல்லக் குடியாமல் எழும்பிப் போட்டியள்."

"பத்மாசினி சுகமோ பிள்ளை?"

"நல்ல சுகம். கோலாலம்பூரிலை பெரிய வீடாம். இப்ப முழுகாமலும் இருக்கிறாளாம். மாப்பிள்ளைக்கு லீவு முடியப்போகுது, நாள் ஒண்டும் சரிவரேல்லை எண்டு நாங்கள் பட்ட பாடு! ஆவணி பதினேழிலை கலியாணம் வைச்சம், செவ்வாய்க்கிழமையெண்டு சனம் முணுமுணுத்தது. உங்கடை பஞ்சாங்கத்தை விரிச்சுக் காட்டினன், வாயை மூடிட்டினம்."

"நல்லா இருக்கட்டும்," எண்டு சொல்லித் தேத்தண்ணியை ஒரே மூச்சிலை குடிச்சார் தம்பிஐயா.

மகாதேவி உள்ளுக்குப் போனதும் மார்க்கண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நமசிவாயம் உங்களை வாங்கிப்போட்டானோ?"

தம்பிஐயா குசினிப் பக்கம் ஒருக்காப் பார்த்தார். அங்கை மகாதேவி ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிண்டா.

"ஓம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

"சீ! உங்களுக்காக நான் இரவு பகலாச் சட்டப் புத்தகம் புரட்டினனான். இனி இந்தப் படலைக்குள்ளை கால் வைக்காதேங்கோ!"

தம்பிஐயா உறையைச் சால்வைக்குள்ளை சுத்திக்கொண்டு இறங்கினார். அளவெட்டிக்குப் போற றோட்டிலை, மதகடியிலை நிண்டு முத்திரையை உடைச்சார். உள்ளுக்கை இருந்த தாளைத் துண்டுதுண்டாக் கிழிச்சுத் தண்ணியிலை விட முந்தி, தன்ரை கையெழுத்தைக் கடைசியா ஒருக்கா வாசிச்சார்:

'ஆவணி 17, செவ்வாய். சுபமுகூர்த்தம் என்று போட்டது பொய். விவாகத்துக்கு ஆகவே ஆகாத நாள்; செவ்வாயில் ஒருவரும் விவாகம் வையார்.'